திருநாள் லீவில் மலைக்குக் கிளம்புகிறவர்கள் செய்யும் தப்புகள்

மொரிஷியஸில் வருடத்துக்கு 15 அரசு விடுமுறை, அதில் பாதிக்கு மேல் சாமி பேரில் வருவது. காவடி, சிவராத்திரி, உகாதி, ரம்ஜான், பிள்ளையார் சதுர்த்தி, தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று ஆளுக்கு ஒன்று இருக்கும், லீவு மட்டும் எல்லோருக்கும். அடுத்த வீட்டுப் பண்டிகையன்று நமக்கு வேலை இல்லை, மலைப் பக்கம் போய்விட்டு வரலாம் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் காலண்டரில் சிவப்பு எழுத்தை மட்டும் பார்த்துக் கிளம்பினால் பாதி வழியில் மாட்டிக்கொள்வீர்கள், ஏனென்றால் இந்தச் சின்னத் தீவில் மலைக்குப் போகிற ரோடும் கோவிலுக்குப் போகிற ரோடும் பல இடங்களில் ஒன்றேதான்.

சிவராத்திரி வாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தென்மேற்கு மலை ஊரான ஷமரெலில் ரூம் போடுவதில் தப்பில்லை, கூர்பிப் வழியாகப் பெத்ரேன் தாண்டி ஜம்மென்று போய்விடலாம் என்று நினைப்பதுதான் தப்பு. அந்த ரோடுதான் கங்கா தலாவ் என்ற புனித ஏரிக்கும் போகிறது. லட்சக்கணக்கான பேர் அந்த ஏரிக்கு வருகிறார்கள், நடந்து வருகிறவர்கள் சில நாள் முன்பே வெள்ளை உடையில், தோளில் பூவும் கண்ணாடித் துண்டும் வைத்துக் கட்டிய கான்வர் என்ற மூங்கில் சட்டத்தோடு ரோட்டில் இறங்கிவிடுவார்கள், ராத்திரியிலும் நடப்பார்கள். 2024-இல் பெரிய கான்வர் ஒன்று மின்கம்பியில் பட்டுத் தீப்பிடித்து உயிர்கள் போயின, அதனால் இப்போது கெடுபிடி அதிகம். இதற்கு நடுவில் காரை விட்டு ஹாரன் அடிப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். ஷமரெல்தான் போக வேண்டுமென்றால் மேற்குக் கடற்கரை ரோட்டைப் பிடியுங்கள், ரிவியேர் நுவார் தாண்டி காஸ் நொயாலில் திரும்பி ஏறினால் யாருக்கும் தொந்தரவில்லை. கங்கா தலாவையும் 33 மீட்டர் சிவன் சிலையையும் நிதானமாகப் பார்க்க வேண்டுமா, இன்னொரு வாரம் போங்கள். குளிருக்கு ஒரு மேல்சட்டை வேண்டும், எப்போது வேண்டுமானாலும் தூறும். அர்ச்சனைத் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், அங்குள்ள குரங்குகளுக்கு வாழைப்பழம் எந்தப் பையில் இருக்கிறது என்று நம்மைவிட நன்றாகத் தெரியும்.

அடுத்தது நம்மவர்களே செய்கிற தப்பு. கொடியேற்றத்திலிருந்து பத்து நாள் விரதம், தைப்பூசத்தன்று வெறுங்காலில் காவடி, மறுநாள் சொந்தக்காரர்கள் எல்லாம் வந்திருக்கிறார்களே என்று லெ பூஸ் மலைக்கு ஒரு நடை. வேண்டாம். காத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலையில் இருக்கும் முருகன் கோவிலில் ஒரு தைப்பூசம் நின்று பாருங்கள், புரியும். இங்கே ஜனவரி, பிப்ரவரி என்றால் நடுக்கோடை, தார் ரோடு கொதிக்கும். ரோஸ் நிறச் சேலையும் வேட்டியுமாக ஊர்வலம் நகரும்போது வழியோரத்து வீட்டுக்காரர்கள் தண்ணீரை ரோட்டில் கொட்டிக்கொண்டே இருப்பார்கள், அதுவும் சில நிமிடத்தில் காய்ந்துவிடும். முதுகில் எலுமிச்சம்பழம் தொங்க, வாயில் அலகோடு, பால் செம்பு கட்டிய காவடியைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டும். மேலே போய்ச் செம்பைத் திறக்கும்போது பால் திரியாமல் இருக்கிறதா என்று வீட்டிலுள்ளவர்கள் எட்டிப் பார்ப்பார்கள், திரியவில்லை என்றால்தான் அவர்களுக்கு மூச்சே வரும். இவ்வளவுக்கும் அப்புறம் வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு சாப்பிட்டுத் தூங்க வேண்டிய உடம்பை மலைக்கு இழுத்துப் போனால் அது கேட்காது. காவடி எடுக்காதவர்கள் போகட்டும், எடுத்தவரை விட்டுவிடுங்கள்.

அந்த கோர் தெ கார்த் மலையிலேயே ரோஸ் ஹில் பக்கமாக ஒரு நடைபாதை உண்டு, அதில் தைப்பூசத்தன்று ஏறலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சுற்றுவட்டார ரோடெல்லாம் அடைபட்டுக் கிடக்கும். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அலகு குத்தும்போது முகத்துக்கு நேரே போனை நீட்டுவதும் இப்போது கூடிப் போச்சு. பக்கத்தில் நிற்கும் அம்மாவிடமோ அண்ணனிடமோ ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். கேட்காமல் எடுப்பதுதான் வயிற்றெரிச்சல்.

மழை விஷயத்தில் அலட்சியம் கூடவே கூடாது. காவடி, சீனப் புத்தாண்டு, சிவராத்திரி எல்லாம் புயல் காலத்துக்கு நடுவில் வருகிறவை. 2024-இல் ஜனவரி 15 அன்று பெலால் புயலில் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன, அடுத்த பத்தே நாளில் தைப்பூசம். 2013 மார்ச் 30 வெள்ளத்தில் தலைநகரிலேயே 11 பேர் இறந்தார்கள். கடற்கரையில் வெயில் அடிக்கிறதே என்று ஆன்ரியேத்தா பக்கம் ஏழு அருவிக்கு இறங்குகிறவர்களுக்கு, மேலே பெய்கிற மழை வெள்ளமாகக் கீழே வந்து சேரும்வரை தெரியாது. வானிலை அறிக்கையில் பலத்த மழை என்ற வார்த்தை இருந்தால் அன்றைக்கு வீட்டில் கேரம் ஆடுங்கள்.

லெ மோர்ன் மலைக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 556 மீட்டர்தான், கடைசிப் பகுதி கையூன்றி ஏறுகிற பாறை. பலர் அங்கே போவது கடல் பின்னணியில் ஒரு படத்துக்காக. தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த மலை அது, 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்ததும் அதற்காகத்தான். அடிமை முறை ஒழிந்த சேதி சொல்ல வந்தவர்களைப் பிடிக்க வந்தவர்கள் என்று நினைத்து உச்சியிலிருந்து குதித்துவிட்டார்கள் என்று கிரியோல் குடும்பங்களில் இன்றும் சொல்வார்கள். பிப்ரவரி 1 அந்த விடுதலையின் நினைவு நாள், அடிவாரத்தில் நினைவுக் கூட்டம் நடக்கும். அன்றைக்குப் போவதானால் ஸ்பீக்கரை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். 2026-இல் போலத் தைப்பூசமும் அதே தேதியில் விழுந்தால், ஒரே நாளில் இரண்டு பக்கமும் நெரிசல்.

ரம்ஜான் தேதி பிறை பார்த்துத்தான் உறுதியாகும், பட்டியலில் போட்டிருக்கும் தேதியை நம்பித் திருப்பித் தராத முன்பணம் கட்டாதீர்கள். அவ்வளவுதான்.

அப்புறம் சாப்பாடு. ஆபீஸ் கூட்டமாக மலைக்குப் போகும்போது எல்லோருக்கும் ஒரே பிரியாணி என்று ஆர்டர் கொடுக்கிற நல்லவர் ஒருவர் எங்கும் இருப்பார். ஒருவர் ஹலால் கேட்பார், ஒருவர் மாட்டிறைச்சி தொடமாட்டார், ஒருவர் பன்றி, ஒருவர் அந்த வாரம் விரதம். மலை உச்சியில் யார் எதைச் சாப்பிடலாம் என்று பட்டிமன்றம் நடத்துவதை விட, காலையில் ஆளுக்கு இரண்டு ஜோடி டோல் பூரி, அதாவது பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி, வாங்கிக் கட்டிக்கொண்டால் பிரச்சினை தீர்ந்தது. பண்டிகை வீட்டிலிருந்து வருகிற பலகாரத்தை மட்டும் மறுக்காதீர்கள். விரதம் என்றால் வாங்கி வைத்துவிட்டுக் காரணத்தைச் சொல்லுங்கள், இங்கே அதைப் புரிந்துகொள்ளாத பக்கத்து வீட்டுக்காரர் குறைவு.

என்னைக் கேட்டால் மலைக்கு நல்ல காலம் மே முதல் அக்டோபர் வரை. பிள்ளையார் சதுர்த்திக்கு ஊரே சிலையைத் தூக்கிக்கொண்டு கடலுக்கும் ஆற்றுக்கும் போகும், மலைப் பாதைகளில் கூட்டம் இருக்காது. செப்டம்பர் 8 ராத்திரி மட்டும் பேர் லவால் என்ற கத்தோலிக்கப் பாதிரியாரின் சமாதிக்காக எல்லா மதத்தவரும் சேந்த் க்ருவா நோக்கி நடப்பார்கள், போர்ட் லூயிஸ் வழியாகத் திரும்புகிற திட்டம் இருந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். மே, ஜூனில் பிளேன் ஷாம்பாஞ் பக்கம் சிவப்புச் சீனக் கொய்யாவும் கிடைக்கும், ஆனால் குளிர்காலத்தில் ஆறு மணிக்கு முன்பே இருட்டிவிடும், ஆகவே பறித்தது போதும் என்று மூன்று மணிக்கெல்லாம் இறங்கத் தொடங்குங்கள்.