தட்டைப்பயறின் கட்டுச்சோறு: வீட்டிலேயே செய்து பார்க்க ஒரு சோதனை

பயறு முளைக்க உரம் வேண்டாம், வளமான மண்ணும் வேண்டாம். ஈரமும் காற்றும் கொஞ்சம் வெதுவெதுப்பும் போதும். பச்சை இலை விரிந்து தன் உணவைத் தானே தயாரிக்கும்வரை தேவையான கட்டுச்சோறு விதைக்குள்ளேயே இருக்கிறது. அது கரைவதைக் கண்ணால் பார்க்கலாம்.

தேவையானவை: ஒரு கைப்பிடி தட்டைப்பயறு (காராமணி), கழுவிய ஆற்று மணல், அடியில் ஓட்டை போட்ட நாலு பேப்பர் கப், பருத்தித் துணி, டிங்சர் அயோடின்.

படி 1: பயறை இரவு முழுக்க ஊறவையுங்கள். காலையில் ஒன்றை எடுத்துத் தோலை உரித்து மெதுவாகப் பிளந்தால் இரண்டு பருப்புகள் பிரியும். இவைதான் வித்திலைகள். ஒன்றின் ஓரத்தில் குட்டியாக முளைவேரும், மடித்து வைத்த இரண்டு இலைகளும் ஒட்டியிருக்கும். அவசரப்படாமல் பாருங்கள், செடி என்பது அந்தத் துளிதான், மீதி எல்லாம் சேமிப்பு.

படி 2: பருப்பைக் குறுக்கே வெட்டி, தண்ணீர் கலந்த அயோடின் ஒரு சொட்டு விடுங்கள். நீலம் கலந்த கறுப்பு ஏறும். அது மாவுச்சத்து. புரதமும் நிறைய உண்டு, ஆனால் அயோடின் அதைக் காட்டாது. (அயோடின் பட்ட பயறைச் சாப்பிடக் கூடாது.)

படி 3: மற்றதை ஈரத்துணியில் கட்டி வையுங்கள். வேர் ஒரு சென்டிமீட்டர் நீண்டதும் முளைகளை நாலாகப் பிரியுங்கள். முதல் கூட்டத்தை அப்படியே விடுங்கள். இரண்டாவதில் ஒரு பருப்பையும், மூன்றாவதில் இரண்டையும் கிள்ளி எடுங்கள். நடுத்தண்டு ஒடிந்தால் சோதனையே வீண், அதனால் நகத்தால் மெல்ல நெம்புங்கள். நாலாவது கூட்டமும் முழு முளைகளே. அந்தக் கப்பை மட்டும் இருட்டான அலமாரியில் வையுங்கள். எல்லாவற்றையும் மணலில் ஊன்றி வெறும் தண்ணீர் தெளித்தால் போதும்.

படி 4: தினமும் பாருங்கள். முழு முளை கொக்கிபோல் வளைந்து மணலைத் தள்ளி, பருப்புகளை மேலே தூக்கிக்கொண்டு வரும். ஒரு பருப்பு இழந்தது சிறுத்து வளரும். இரண்டும் இழந்தது பெரும்பாலும் தேங்கிவிடும். பருப்பிலுள்ள நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாகவும் புரதத்தை அமினோ அமிலமாகவும் உடைத்து வேருக்கும் குருத்துக்கும் அனுப்புகின்றன. அந்த வரத்து நின்றதன் விளைவு இது. பருப்பு சுருங்கத் தொடங்கும்போது மறுபடி அயோடின் விடுங்கள். நிறம் முன்போல் அடர்த்தியாக ஏறாது. பிறகு அது மஞ்சளாகித் தானே உதிரும்.

எனக்கு மிகவும் பிடித்தது நாலாவது கப். வெளிறிய தண்டு வெளிச்சம் தேடி மளமளவென நீளும். எடை கூடியதுபோல் தோன்றும், ஆனால் கூடியது தண்ணீர். முற்றிலும் உலர்த்தி நிறுத்தால், முளைக்குமுன் இருந்த விதையைவிடக் குறைவாகவே இருக்கும். சேமிப்பில் ஒரு பகுதி சுவாசத்தில் செலவாகி, கரியமில வாயுவாக வெளியேறிவிட்டது. கையிருப்பு தீர்ந்தபின் அது மடியும்.

அடுத்து கொண்டைக்கடலையை ஊன்றிப் பாருங்கள். அதன் பருப்பு மேலே வராது; மணலுக்குள்ளேயே இருந்துகொண்டு குருத்துக்கு ஊட்டும். அதனால் தோண்டித்தான் பார்க்க வேண்டும்.