அரசியல் மேடையா, ஆன்மிகச் சொற்பொழிவா? தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் அண்ணன் மகள் போன் செய்தாள். "சித்தப்பா, சனிக்கிழமை சாயங்காலம் ரெண்டு கூட்டம். ஒண்ணு அரசியல் பொதுக்கூட்டம், ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் போறாங்க. இன்னொண்ணு ஆன்மிகச் சொற்பொழிவு, அம்மா பேர் கொடுத்து வச்சிருக்காங்க. எதுக்குப் போகட்டும்?"

யார் பேசுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. "இப்போ உன் மனசுல என்னம்மா ஓடிட்டிருக்கு?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னாள்: "கல்விக் கடன் வட்டி. அப்புறம்... அப்பா."

அண்ணன் இறந்து அப்போது ஒன்பது மாதம்.

இந்த மாதிரி நேரத்தில் நம்மில் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு, பேசுகிறவரிடமிருந்து யோசிக்கத் தொடங்குவது. யார் பெரிய ஆள், யாருக்குக் கூட்டம் கூடும், யார் நன்றாகப் பேசுவார் என்று பார்க்கிறோம். நம் கையில் என்ன கேள்வி இருக்கிறது என்று பார்ப்பதில்லை. கடன் வட்டிக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் அரசியல்வாதி. சட்டம், வரி, பட்ஜெட் எல்லாம் அவர் கை வைக்கிற இடம். அப்பா இல்லாத வீட்டில் எப்படி இருப்பது என்பதற்கு எந்தச் சட்டசபையிலும் மசோதா கொண்டுவர முடியாது. அந்தக் கேள்வியோடு பொதுக்கூட்டத்துக்குப் போனால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும்.

எந்தக் கேள்வியும் இல்லாமல், சும்மா கேட்டுவிட்டு வரலாம் என்று போவதிலும் தப்பில்லை. ஆனால் அப்படிப் போனேன் என்பது நமக்கே தெரிந்திருக்க வேண்டும். கேள்வி இல்லாமல் போகிறவருக்கு எந்தப் பதிலும் சரியான பதிலாகவே தோன்றும்.

உரைகல்லை மாற்றிப் பிடிப்பது

இதைத்தான் எல்லாவற்றிலும் ஆபத்தான தவறாக நினைக்கிறேன். இரண்டு பேச்சையும் சோதிக்கிற முறை வேறு வேறு. அரசியல் பேச்சைச் சோதிக்க நாலு கேள்வி போதும்: எப்போது, எவ்வளவு, எந்தப் பணத்திலிருந்து, செய்யாவிட்டால் யார் பொறுப்பு? ஆன்மிகப் பேச்சை அப்படி அளக்க முடியாது. அது நமக்குள் என்ன செய்கிறது, சொன்னவர் அதன்படி வாழ்கிறாரா என்று சில வாரமாவது பார்க்க வேண்டும். கோபம் குறைந்ததா, வீட்டில் இருப்பவர்களிடம் பேசும் விதம் மாறியதா, தூக்கம் வருகிறதா? இது மெதுவான சோதனை. அன்றைக்கே முடிவு தெரியாது.

நாம் என்ன செய்கிறோம்? அரசியல்வாதியிடம் பக்தியைக் கொண்டுபோய்க் கொட்டுகிறோம். குருவிடம் போய் யாருக்கு ஓட்டுப் போடலாம், எந்த நிலத்தை வாங்கலாம் என்று கேட்கிறோம். 1949 நவம்பர் 25-ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் பேசிய அம்பேத்கர் இதைப் பற்றி நேராகவே எச்சரித்தார். மதத்தில் பக்தி ஆன்மாவின் விடுதலைக்கு வழியாக இருக்கலாம், ஆனால் அரசியலில் பக்தியும் தனிமனித வழிபாடும் சீரழிவுக்கும் கடைசியில் சர்வாதிகாரத்துக்கும் நிச்சயமான பாதை என்பது அவர் சொன்னதன் சாரம். அரசியலமைப்புச் சட்டத்தை எழுதி முடித்த நேரத்தில், அதைக் கெடுக்கக்கூடியவை என்று அவர் குறிப்பிட்டவற்றில் இதுவும் ஒன்று. எனக்கு இதைவிடத் தெளிவான அளவுகோல் தெரியாது.

எதிர்ப்பக்கமும் பார்க்கலாம். 1984-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், பின்னாளில் ஓஷோ என்று அழைக்கப்பட்ட ரஜனீஷின் ஆசிரமத்தைச் சேர்ந்த சிலர், உள்ளூர்த் தேர்தலில் எதிராக ஓட்டுப் போடுகிறவர்களைப் படுக்கையில் தள்ளுவதற்காக, உணவகங்களின் சாலட்டில் சால்மொனெல்லா கிருமியைக் கலந்தார்கள். 751 பேர் நோயில் விழுந்தார்கள். தியானம் கற்றுக்கொள்ள வந்தவர்கள் நிறைந்த ஓர் இடம் அது. குருவின் அமைப்பு அதிகாரத்தைத் தேடும்போது, சீடர்கள் அரசியல் கேள்விகளைக் கேட்க மறந்துபோனால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

இரண்டையும் தனித்தனிப் பெட்டியில் போட்டுப் பூட்டுவது

அதற்காக, "ஆன்மிகவாதி அரசியல் பேசவே கூடாது, அரசியல்வாதி ஆன்மா பற்றிப் பேசினால் வேஷம்" என்று முடிவு கட்டுவதும் தவறுதான். 1963 ஆகஸ்ட் 28 அன்று வாஷிங்டனில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் முன்னால் பேசிய மார்ட்டின் லூதர் கிங் ஒரு பாதிரியார். அவர் கேட்டது வேலையும் சம உரிமையும். காந்தி தன் கடைசி மாதங்களில் டெல்லியின் மாலைப் பிரார்த்தனைக் கூட்டங்களில்தான் கலவரத்தைப் பற்றியும் அகதிகளைப் பற்றியும் பேசினார். 1948 ஜனவரி 30 அன்று அவர் சுடப்பட்டதும் அந்தப் பிரார்த்தனைக்கு நடந்து போகும்போதுதான். விவேகானந்தர் 1893 செப்டம்பர் 11-இல் சிகாகோ சர்வமத சபையில் பேசியதை எல்லோரும் சொல்வார்கள். அதே சபையில் 20-ஆம் தேதி அவர், இந்தியாவுக்கு இப்போது அவசரமாகத் தேவைப்படுவது மதமல்ல, பசிக்குச் சோறு என்ற பொருளில் பேசினார். அது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

ஆகவே, மேடையில் இருப்பவரின் உடையைப் பார்த்து எந்தச் சோதனை என்று தீர்மானிக்கக் கூடாது. பேச்சு எந்த இடத்தில் எல்லை தாண்டுகிறது என்று கவனிக்க வேண்டும். துறவி ஒருவர் நாற்பது நிமிடம் மன அமைதி பற்றிப் பேசிவிட்டு, "அதனால்தான் இந்தச் சட்டம் வர வேண்டும்" என்று திரும்புகிறாரா? அந்த நொடியிலிருந்து அவரிடம் அரசியல்வாதியிடம் கேட்கிற நாலு கேள்வியையும் கேட்கலாம். முதல் நாற்பது நிமிடம் தந்த நெகிழ்ச்சியை அடுத்த ஐந்து நிமிடத்துக்குக் கடன் கொடுக்கக் கூடாது. அதேபோல் தலைவர் ஒருவர் சாலைக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்து, திடீரென்று குரல் தழுதழுக்கத் தியாகம், தெய்வம் என்று போனால், விட்ட இடத்தில் சாலைக் கணக்கு என்ன ஆயிற்று என்று மனதில் ஒரு குறிப்பு வையுங்கள். கண்ணீர் உண்மையாகவே இருக்கலாம். சாலை அப்போதும் பாதியில்தான் நிற்கும்.

கைதட்டலை நம்புவது

சில வருடங்களுக்கு முன்னால் ஒரு பொதுக்கூட்டத்துக்குப் போனேன். ஒரு மணி நேரப் பேச்சு. ஒரு தடவைகூட நேரம் பார்க்கவில்லை, அவ்வளவு நன்றாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும், கேட்டதை எழுதிவைக்கலாம் என்று நோட்டை எடுத்தேன். ஒரு கிண்டல், ஒரு குட்டிக்கதை, எதிர்க்கட்சித் தலைவர் மாதிரி பேசிக் காட்டியது. மூன்று வரி. பள்ளிக்கூடம் பற்றி என்னவோ சொன்னார், பலமாகக் கைதட்டினேன் என்பது உள்ளங்கைக்கு ஞாபகம் இருந்தது. என்ன சொன்னார் என்பது ஞாபகம் இல்லை. பேனாவைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்குக் காரணம் இருக்கிறது. பிரிட்டனில் மேக்ஸ் அட்கின்சன் என்ற ஆய்வாளர் 1980-களில் அரசியல் பேச்சுகளின் ஒளிப்பதிவுகளை நொடி நொடியாக ஆராய்ந்தார். கைதட்டல் தானாகப் பொங்கி வருவதில்லை, பேச்சின் அமைப்பே எங்கே தட்ட வேண்டும் என்று கூட்டத்துக்குச் சைகை காட்டுகிறது என்று அவர் கண்டார். அதில் முக்கியமான ஒன்று, மூன்று மூன்றாக அடுக்குவது. நமக்கு இது புதிதல்ல. அண்ணாவின் 'கடமை, கண்ணியம், கட்டுப்பாடு' என்பதைச் சொல்லிப் பாருங்கள், மூன்றாவது சொல் வரும்போதே கை தயாராகிவிடும். இன்னொன்று, 'அவர்கள் அப்படி, நாம் இப்படி' என்று எதிரெதிராக நிறுத்துவது. ஆன்மிகச் சொற்பொழிவிலும் இவை இரண்டும் தாராளமாக உண்டு. இதெல்லாம் ஏமாற்று வேலை இல்லை, நல்ல கருத்தையும் இப்படித்தான் சொல்வார்கள். நாம் தட்டியது கருத்துக்கா, அடுக்குக்கா என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும். கூட்டம் முடிந்த பத்து நிமிடத்துக்குள், நடந்து வரும்போதே, நினைவில் நிற்கிற மூன்று விஷயத்தை போனில் எழுதிப் பாருங்கள்.

நீளமும் நாவன்மையும்கூட ஆளை அளக்காது. 1863 நவம்பர் 19 அன்று அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க்கில் முதன்மைப் பேச்சாளர் எட்வர்ட் எவரெட் இரண்டு மணி நேரம் பேசினார். பின்னால் எழுந்த லிங்கன் சுமார் இரண்டு நிமிடம் பேசினார். விஷயத்தின் மையத்துக்கு நீங்கள் இரண்டு நிமிடத்தில் வந்த அளவுக்கு நான் இரண்டு மணி நேரத்தில் வந்திருந்தால் சந்தோஷப்படுவேன் என்று எவரெட்டே மறுநாள் லிங்கனுக்குக் கடிதம் எழுதினார். ரமண மகரிஷியோ பேச்சைவிட மௌனத்தால் கற்பித்தவர் என்றே அறியப்பட்டவர். சொற்பொழிவுத் திறனை வைத்து மதிப்பெண் போட்டிருந்தால் அவர் தேறியிருக்க மாட்டார்.

துண்டு வீடியோ பார்த்துவிட்டுப் பேச்சையே கேட்டுவிட்டதாக நினைப்பது அடுத்தது. இதில் மறைந்திருக்கிற ஒரு விஷயம், திரும்பத் திரும்பக் கேட்பது. கேட்டுப் பழகிய வாக்கியம், பொய்யாக இருந்தாலும், மெய் போலத் தோன்றத் தொடங்கும் என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் 1977-லேயே சோதனை செய்து காட்டினார்கள். ஒரே முப்பது நொடி துண்டு உங்கள் போனில் பத்து முறை வந்தால், பதினோராவது முறை அது உங்கள் சொந்தக் கருத்து மாதிரி இருக்கும். பெரிய அரசியல் கூட்டம் என்றால் நேரில் போவதைவிட மறுநாள் முழுப் பேச்சையும் நிறுத்தி நிறுத்திக் கேட்பதே மேல் என்பது என் எண்ணம். எழுந்து கேள்வி கேட்கக்கூடிய சின்னக் கூட்டம் என்றால், எப்பாடுபட்டாவது நேரில் போங்கள்.

சந்தேகப்படுவதை மரியாதைக் குறைவாக நினைப்பது

கேசபுத்தம் என்ற ஊரின் காலாமர்கள் புத்தரிடம் ஒரு குறை சொன்னதாகப் பாலி நூல்களில் வருகிறது. இங்கே பல ஆசிரியர்கள் வருகிறார்கள், ஒவ்வொருவரும் தன் கொள்கையை உயர்த்தி மற்றவரைத் தாழ்த்துகிறார்கள், யாரை நம்புவது என்றே தெரியவில்லை என்றார்கள். நம் பிரச்சினையேதான். சந்தேகப்பட வேண்டிய இடத்தில் சந்தேகம் வந்திருக்கிறது, அது சரிதான் என்றார் புத்தர். வழிவழியாகச் சொல்வதாலோ, 'இவர் நம் குரு' என்பதாலோ ஏற்றுக்கொள்ளாதீர்கள், நீங்களே அறிந்து ஏற்றுக்கொள்ளுங்கள் என்றார். 1929 ஆகஸ்ட் 3-இல் ஜே. கிருஷ்ணமூர்த்தி, தன்னை உலககுருவாக முன்னிறுத்த அமைக்கப்பட்டிருந்த இயக்கத்தை, அதன் உறுப்பினர்கள் முன்னிலையிலேயே கலைத்தார். தனக்குச் சீடர்கள் வேண்டாம் என்றார். கேள்வியைத் தாங்குகிற ஆசிரியர்களும் இருந்திருக்கிறார்கள். கேள்வி கேட்டவரைக் கூட்டம் முறைக்கிற இடத்தில், மேடையில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். அவர் முகத்திலேயே நிறையத் தெரிந்துவிடும்.

கூட்ட நெரிசலை யாரும் யோசிப்பதில்லை. 2024 ஜூலை 2 அன்று உத்தரப் பிரதேசத்தின் ஹாத்ரஸில் ஓர் ஆன்மிகக் கூட்டத்தில் 121 பேர் இறந்தார்கள். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் ஓர் அரசியல் கூட்டத்தில் 41 பேர். நெரிசலுக்கு எந்த மேடை என்ற பேதம் கிடையாது. தடுப்புக்கு அருகே முன்வரிசை வேண்டாம். ஓரமாக, வெளியேறும் வழி தெரிகிற இடத்தில் நில்லுங்கள். கைக்குழந்தையைக் கொண்டுபோகவே வேண்டாம். கூட்டத்தில் போன் சிக்னல் போய்விடும், ஆகவே பிரிந்துவிட்டால் எங்கே சந்திப்பது என்று முன்னாலேயே பேசி வையுங்கள். தள்ளு முள்ளு வந்துவிட்டால் எதிர்த்துத் தள்ளாமல், கைகளை மார்புக்கு முன்னால் மடித்து மூச்சுக்கு இடம் வைத்துக்கொண்டு, சாய்வாக ஓரத்தை நோக்கி நகருங்கள். பேச்சு முடிவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே கிளம்பிவிடுவது நல்லது.

வாசலில் நீட்டும் படிவத்தில் போன் நம்பரை எழுதுவதற்கும், உண்டியலிலோ நிதியிலோ பணம் போடுவதற்கும் அன்றைக்கே முடிவு எடுக்காதீர்கள். ஒரு வாரம் கழித்தும் கொடுக்கத் தோன்றினால் கொடுக்கலாம்.

அண்ணன் மகள் சொற்பொழிவுக்குத்தான் போனாள். ராத்திரி போன் செய்தாள். "முதல் முக்கால் மணி நேரம் அப்பாவைப் பத்தியே பேசின மாதிரி இருந்துச்சு சித்தப்பா. அழுதேன், ஆனா கஷ்டமா இல்ல. அப்புறம் புதுக் கட்டடத்துக்கு நிதி கேட்டாங்க. அம்மா பையைத் திறந்தாங்க. 'அடுத்த வாரம் பாத்துக்கலாம்மா'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டேன்."

மறுநாள் மத்தியானம் நானும் அவளும் அந்த அரசியல் பேச்சை லேப்டாப்பில் முழுசாகக் கேட்டோம். எழுபது நிமிடம். கல்விக் கடன் ஒரே ஒரு இடத்தில் வந்தது: "மாணவர்களின் சுமையைக் குறைப்போம்." அவள் அங்கே நிறுத்தி, பின்னால் போய், இன்னொரு தடவை கேட்டாள். எப்போது என்று இல்லை, எவ்வளவு என்றும் இல்லை. அந்த இரண்டையும் கேட்டு அன்றைக்கே அவருடைய அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினாள். பதில் இன்னும் வரவில்லை. தேர்தலுக்கு முன்னால் இன்னொரு முறை எழுதப் போகிறாள்.