வலசை திரும்பும் காலத்தில் வன்னியில் ஒரு முழுநாள்: பறவை பார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடக்கே திரும்பும் பறவைகளைப் பார்ப்பதற்கென்று ஒரு முழுநாளை ஒதுக்குவோர் முதலில் பிழைவிடுவது நாட்காட்டியில்தான். ஐரோப்பிய நூல்கள் வசந்தகால வலசை என்று குறிப்பிடுவது, பறவைகள் ஏப்ரலிலும் மேயிலும் அங்கே வந்து சேர்வதை. இலங்கையின் வடபகுதியான வன்னியில் அதே நிகழ்வு புறப்பாடாக நடைபெறுகிறது; மாசிக் கடைசியில் தொடங்கிச் சித்திரை நடுப்பகுதிக்குள் பெரும்பாலும் முடிந்தும் விடுகிறது. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி போன்ற வாத்தினங்கள் முந்திக்கொள்ள, கரையோர உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் சற்றுத் தாமதித்துக் கிளம்புகின்றன. மே விடுமுறையில் மன்னாரின் கட்டுக்கரைக்குளத்துக்கு வந்து, கூழைக்கடாவையும் சங்குவளை நாரையையும் பார்த்துவிட்டு, வலசைப் பறவைகளைக் கண்டதாக மகிழ்ந்து திரும்புவோர் உண்டு. அவை இரண்டும் ஆண்டு முழுவதும் இத்தீவில் வாழ்பவை.

நாளைச் சரியாகத் தேர்ந்தவரும் இடத்தில் தவறிவிடுகிறார். காலையில் மேற்குக் கரையின் வங்காலை, நண்பகலில் இரணைமடு, மாலையில் கிழக்குக் கரையின் கொக்கிளாய் என்று வரைபடத்தில் கோடிழுப்பது எளிது. ஆனால் அந்த நாளின் பெரும்பகுதி வாகனத்துக்குள் கழிவதோடு, ஒவ்வோரிடத்திலும் பறவைகள் நம்மைப் பழகி மீண்டும் மேயத் தொடங்கும் நேரத்தில் நாம் புறப்பட வேண்டியும் வருகிறது. ஒரு குளம், அதோடு அண்மையில் ஒரு களப்பு (கடலோர உவர்நீர்ப் பரப்பு) அல்லது தரவை (மரமற்ற திறந்தவெளி). அதற்கு மேல் ஒரு நாளுக்குத் தேவையில்லை என்பது என் துணிபு. 2008இல் சரணாலயமாக்கப்பட்டு 2010இல் பன்னாட்டு முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்ட வங்காலை மட்டும் 4,839 ஹெக்டேயர் பரப்புடையது. அதன் ஒரு மூலையை ஒழுங்காகப் பார்க்கவே ஒரு காலைப்பொழுது போதாது. பங்குனியில் குளங்களின் நீர் வற்றி அலைகரை சேறாக விரியும்போது பறவைகள் தாமாகவே அந்தச் சேற்று விளிம்பில் கூடுகின்றன. நாம் தேடி அலைய வேண்டியதில்லை.

ஒளியைக் கருதாமல் நிற்குமிடத்தைத் தீர்மானிப்பது அடுத்த தவறு. வெயிலை எதிர்நோக்கிப் பார்த்தால் எல்லா உள்ளானும் ஒரே கரிய நிழல்தான். முல்லைத்தீவின் வட்டுவாகல் பாலத்தில் காலையில் நிற்பவருக்குக் கடலும் சூரியனும் முதுகுப்புறம் இருக்க, நந்திக்கடல் களப்பு ஒளியோடு முன்னே விரியும். அதே இடத்தில் மாலை நான்கு மணிக்கு நிற்பவருக்குக் கண்கூச்சம் மட்டுமே மிஞ்சும். (அந்தப் பாலத்தில் நிற்கும் வெளியூர்க்காரர், 2009இல் போரின் இறுதி நாட்களில் அவ்வழியே நடந்து வந்த மக்கள் இன்றும் அயலில் வாழ்கிறார்கள் என்பதை மறவாமல், குரலைத் தாழ்த்திப் பேசுவது நல்லது.)

நண்பகல் தனியாகச் சொல்ல வேண்டியது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சூரியன் வன்னிக்கு நேர் உச்சியில் நிற்கிறது. முற்பகல் பத்தரை தாண்டினால் தரவையின் மேல் கானல் எழத் தொடங்கும். விலை உயர்ந்த தொலைநோக்கியும் அப்போது அந்த நடுக்கத்தைத்தான் பெரிதாக்கிக் காட்டும். அந்த வேளையில் தூரத்துக் கூட்டங்களை அடையாளங்காண முயல்வோரே நம்பமுடியாத பதிவுகளை எழுதுகிறார்கள். பதினொரு மணி முதல் மூன்று மணி வரை மருதமர நிழலில் படுத்துறங்குவது சோம்பல் ஆகாது. விழித்திருக்க விரும்புவோர் மின்கம்பியில் வரிசையாக அமரும் தகைவிலான்களையும் நீலவால் பஞ்சுருட்டான்களையும் எண்ணலாம். அவையும் பயணத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருப்பவைதான். தண்ணீரை ஒரு போத்தலோடு நிறுத்திக்கொண்டு வருவோர் இந்த நேரத்தில்தான் தலைவலியோடு வீடு திரும்புகிறார்கள்.

அடையாளங்காண்பதில் இக்காலத்துக்கே உரிய பொறி ஒன்றுண்டு. ஐப்பசியில் சாம்பல் நிறத்தில் வந்திறங்கிய பறவை, பங்குனியில் இனப்பெருக்க நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும். மணல் உப்புக்கொத்தியின் மார்பில் செம்மை படரும், பசிபிக் பொன் உப்புக்கொத்தியின் வயிறு கறுக்கும், மீசை ஆலாவும் அடிவயிற்றில் கரிபூசிக்கொள்ளும். மாற்றம் பாதியில் நிற்கும் பறவை எந்த நூலின் படத்தோடும் பொருந்தாது. நானும் ஒரு பங்குனியில் மன்னாரின் தள்ளாடி என்ற இடத்துப் பக்கச் சேற்றில் செங்கல் நிறத்தில் மேய்ந்த சிறு கூட்டமொன்றைக் கண்டு, இலங்கையில் மிக அரிதான ஓர் இனம் என்று குறிப்பேட்டில் எழுதி, நண்பர்களுக்கும் சொல்லிவிட்டேன். மறுநாள் அதே கூட்டத்தை அருகில் பார்த்தபோது, அலகு நுனி கீழ்நோக்கி வளைந்திருந்தது. சைபீரியாவில் இனம்பெருக்கும், இங்கே ஆண்டுதோறும் வரும் கேர்லியூ சாண்ட்பைப்பர்களே அவை. நிறம் மாறும், அலகின் நீளமும் வளைவும், காலின் நீளமும், மேயும் விதமும் மாறுவதில்லை. இக்காலத்தில் அவற்றை முதலில் எழுதிவிட்டு நிறத்தைக் கடைசியில் எழுதுவது பாதுகாப்பானது. ஆனியில் சாம்பல் நிறத்தோடே கரையில் நிற்கும் சில உள்ளான்களைக் கண்டு, அவை இங்கேயே குஞ்சு பொரிக்கின்றன என்று முடிவுகட்டுவதும் தவறு. முதலாண்டு இளம் பறவைகள் பல வடக்கே போகாமல் தங்கிவிடுகின்றன.

இவை நம் குறிப்பேட்டைக் கெடுக்கும் தவறுகள். பறவையைக் கெடுக்கும் தவறு, கிட்டப்போவது. நீண்ட பயணத்துக்கு முன் இவை இரவும் பகலும் உண்டு கொழுப்பைச் சேமிக்கின்றன. மன்னார்த் தீவில் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜிபிஎஸ் கருவி பொருத்திய ஹியூக்லின் கடற்காகங்கள் 2021இல் ரஷ்யாவின் ஆர்க்டிக் பகுதிவரை பறந்து, பின்னர் மன்னாருக்கே திரும்பியது பதிவாகியிருக்கிறது. அத்தகைய தூரத்துக்கான எரிபொருளை இந்தச் சேற்றிலும் கரையிலும்தான் பறவை நிரப்பிக்கொள்கிறது; பறக்கும் படம் வேண்டுமென்று பூநாரைக் கூட்டத்தை எழுப்பிவிடுபவர் அந்தச் சேமிப்பில் கைவைக்கிறார். மேய்வதை நிறுத்தித் தலையுயர்த்தி நம்மைப் பார்க்கத் தொடங்கினால், ஏற்கெனவே அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம் என்று கொள்ள வேண்டும். வாகனத்தை நிறுத்தி உள்ளிருந்தே பார்ப்பது பெரும்பாலும் போதும். ஆறுமணிக்குருவியை வெளியே வரவழைக்கத் தொலைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிடுவதும் இதே வகைதான். புறப்படுமுன் அது விடியலிலும் பொழுதுசாயும் வேளையிலும் தானாகவே கூவும், காத்திருப்பவருக்குக் கேட்கும்.

போகும் பறவையின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு, இருக்கும் பறவையின் முட்டையை மிதிப்பவரும் உண்டு. மன்னார்க் கரைகளில் வாழும் ஹனுமான் உப்புக்கொத்தி 2023இல்தான் தனி இனமாக அடையாளங்காணப்பட்டது; அது கூடென்று எதையும் கட்டாமல் வெறுந்தரைப் பள்ளத்தில் மண்ணிற முட்டைகளை இடுகிறது. ஒரு சிறு பறவை நம்முன்னே தத்தித் தத்தி ஓடி நம்மை ஓரிடத்திலிருந்து விலக்கப் பார்த்தால், வந்த தடத்திலேயே திரும்ப வேண்டும்.

வன்னியில் தடத்தை விட்டு விலகாமைக்கு வேறு காரணமும் உண்டு. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கும் காணிக்குள் ஓரடியும் வைக்கக் கூடாது. பலகை இல்லாத பற்றைக்காட்டிலும் ஆள் நடமாட்டமுள்ள பாதையே பாதை. மாலையில் அலைகரைக்கு யானை இறங்கும் குளம் எது, முதலை படுக்கும் துறை எது என்பதை அங்கே மாடு மேய்க்கும் ஐயாவிடம் கேட்டறியாமல் இறங்குவது அறியாமை. அவருக்குப் பறவைகளின் நூற்பெயர் தெரியாமலிருக்கலாம். ஆனால் எந்தத் தாராக்கூட்டம் எத்தனை நாளுக்கு முன் கிளம்பியது என்பதை அவர் அறிந்திருப்பார்.

அந்தத் தகவல்தான் பெரும்பாலோர் குறிப்பேட்டில் இல்லாதது. புரட்டாசியில் முதல் வாத்தைக் கண்ட நாளை எல்லோரும் எழுதுகிறார்கள். கடைசி வாத்தைக் கண்ட நாளை எழுதுவோர் சிலரே. கடைசியாகக் கண்டபோது அதுவே கடைசி என்று எவருக்கும் தெரியாது; அடுத்தடுத்த வாரங்களிலும் அதே குளக்கட்டுக்குப் போய், அதே நேரம் நின்று, நீலச்சிறகி 0 என்று எழுதினால்தான் முந்திய வாரத்து 40 ஒரு பதிவாகிறது. ஆகவே மாலையில் ஆலாக்கள் தங்குமிடம் தேடித் தாழப் பறக்க, நாம் எண்ணிக்கையை முடித்துக் குறிப்பேட்டை மூடும்போது, பார்த்தவற்றின் கீழே நேரத்தையும் நின்ற இடத்தையும் எழுதி, அன்று எதிர்பார்த்தும் காணாதவற்றின் பெயர்களையும் ஒவ்வொன்றாக எழுதிவிட வேண்டும்.