செப்புச் சுரங்கம் வருதாம் என்றதும் நாம் விடுகிற பிழைகள்

சேருவிலச் செப்பு புதுக்கதை இல்லை. திருகோணமலை மாவட்டத்தில் செப்பும் மக்னடைற்று என்ற இரும்புத் தாதும் கலந்த அந்தப் படிவைக் கண்டுபிடித்தது 1971இல். தோண்டப் போகிறார்களாம் என்று பேச்சுக் கிளம்பும் போதெல்லாம், வெருகலுக்கு இங்கால் வாகரைப் பக்கத்துப் பொடியன்கள் என்னிடம் வருவார்கள். கையில் ஒரு மகஜர், சோடாப் போத்தலில் கொஞ்சம் தண்ணீர். அந்தப் போத்தலைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். நானும் ஒருகாலம் அப்படியொன்றைத் தூக்கிக்கொண்டு ஆய்வுகூடத்துக்குப் போனவன்தான்.

கூட்டத்தில் சத்தம் போடாதீர்கள், கடிதத்தில் திகதி போடுங்கள் என்பதெல்லாம் நீங்களே அறிந்தவை. விடுவோம்.

முதல் இருந்த தண்ணீரை அளக்காமல் விடுவது

என் கோபமெல்லாம் இதில்தான். வருடங்களுக்கு முன் மட்டக்களப்பில் ஓர் ஊரில், கல் உடைக்கிற இடத்துக்குக் கீழே கிணறுகள் கலங்கின. நாங்கள் ஓடிப்போய்த் தண்ணீர் அள்ளி, காசு கட்டிப் பரிசோதித்து, அறிக்கையோடு கூட்டத்துக்குப் போனோம். அதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "குவாரி வர முதல் எப்படி இருந்தது? அளந்த தாள் இருக்கா?" பின்னால் இருந்த ஒரு அம்மா எழும்பி, "நல்ல தண்ணி சேர், தேத்தண்ணி போட்டா அப்படி மணக்கும்" என்றார். அதிகாரி பேனையை மூடினார். எங்கள் வழக்கு அதோடு முடிந்தது.

செப்பில் இது இன்னும் மோசம். செப்புத் தாதோடு பைரைற்று என்ற இரும்புக் கந்தகக் கனிமமும் கிடக்கும். நிலத்துக்குள் இருக்கும்வரை பெரிய தொந்தரவில்லை. உடைத்து மேலே குவித்தால் காற்றும் மழையும் பட்டுக் கந்தக அமிலம் உண்டாகும். அந்த அமிலம் செப்பையும் மற்ற உலோகங்களையும் கரைத்துக்கொண்டு வடியும். சுரங்கத்தை மூடிவிட்டுப் போன பிறகும் நூறு வருடத்துக்கு மேல் இது நடக்கலாம். நம்மட கிணறுகள் சிலவற்றில் இரும்பு இயற்கையாகவே உண்டு என்பதால், "இது முந்தியே இருந்ததுதானே" என்று சொல்வது கம்பனிக்காரருக்கு வெகு லேசு.

சரி, முதலே அளக்கிறோம் என்றாலும் எப்போது? பெரும்பாலானவர்கள் தை மாதத்தில், குளம் வான் பாயும் நேரத்தில் அள்ளுவார்கள். அப்போது எல்லாம் நீர்த்துத்தான் இருக்கும். சுரங்கம் ஓடத் தொடங்கினால், கோடை முழுக்கக் கழிவுக் குவியலில் பூத்த உப்பு ஒக்டோபர் முதல் மழையோடு ஒரேயடியாகக் கரைந்து வரும். ஆகவே கோடை முடிவு, முதல் மழை, நடு மாரி என்று குறைந்தது மூன்று தடவை அள்ள வேண்டும். தோண்ட முதல் கம்பனி கொடுக்கும் சுற்றாடல் தாக்க அறிக்கையிலும் மாதிரி எடுத்த மாதத்தைத்தான் நான் முதலில் தேடுவேன்.

மறுகா, அந்தச் சோடாப் போத்தல். கரைந்த செப்பு போத்தல் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அளவு குறைவாகக் காட்டும். ஆய்வுகூடத்திலேயே சுத்தமான போத்தல் கேட்டு வாங்குங்கள். உலோகத்துக்கான மாதிரியில் நைத்திரிக் அமிலம் விட்டு, அமிலத்தன்மையைக் காட்டும் pH அளவை 2க்குக் கீழே வைப்பார்கள் (அமிலம் கூடக்கூட pH குறையும்). pHஐயும் மின்கடத்துதிறனையும் கிணற்றடியிலேயே அளந்துவிட வேண்டும். அமிலம் விடாத இன்னொரு போத்தலில், பைரைற்றின் கந்தகத்திலிருந்து வரும் சல்பேற்றுக்கும் அள்ளுங்கள். செலவு குறைவு, pH விழ முன்னமே பல இடங்களில் அது ஏறிக் காட்டும்.

"குடிநீர்த் தரத்துக்குள்தான் இருக்கு"

மனிதருக்கு. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் சொல்லும் எல்லை லீற்றருக்கு 2 மில்லிகிராம் செப்பு. மென்னீரில் வாழும் மீன்குஞ்சுக்குச் சில பத்து மைக்ரோகிராமே கேடு, அதாவது அந்த எல்லையில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு. அறிக்கை குடிநீர் அட்டவணையோடு மட்டும் ஒப்பிட்டிருந்தால், மீனுக்குரிய அட்டவணை எங்கே என்று கேளுங்கள்.

தெளிந்த தண்ணீர்

நம்பவேண்டாம்.

30 நாள்

1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தில், சுற்றாடல் தாக்க மதிப்பீட்டுப் பகுதி 1988 திருத்தத்தில் சேர்ந்தது. அறிக்கையைப் பார்த்துக் கருத்து எழுதப் பொதுமக்களுக்கு 30 நாள். அது பத்திரிகையில் அறிவித்தல் வந்த நாளிலிருந்து ஓடும், உங்கள் காதுக்கு எட்டிய நாளிலிருந்தல்ல. ஆயிரம் கையெழுத்துச் சேர்க்க மூன்று கிழமை செலவழித்தவர்களைக் கண்டிருக்கிறேன். அறிக்கையை ஒருவரும் திறக்கவில்லை. பக்க எண் போட்டு எழுதிய ஒரு கேள்விக்குக் கம்பனி பதில் எழுதியே ஆகவேண்டும்.

லேபல்

"நம்மட கிணறு" என்று மட்டும் எழுதிய ஒரு போத்தல் இன்னும் என் மேசையில் நிற்கிறது. யாருடைய கிணறு என்று கொண்டுவந்த தம்பிக்கே இப்போது ஞாபகமில்லை.