தோட்டத்து ஊரிலிருந்து டெத் மெட்டல்: டெமோ பதிவதும் லேபிள் பிடிப்பதும் ஷோ நடத்துவதும்

பேரா மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து டெத் மெட்டல், அதாவது உறுமல் குரலும் வேகமான டிரம்ஸும் உள்ள கனமான ராக் இசை, வாசிக்க வருகிற தம்பிகள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, கோலாலம்பூர்ல எந்த ஸ்டூடியோ நல்லா இருக்கும்?" முதல் டெமோவுக்கு, அதாவது குழுவை அறிமுகப்படுத்தும் மாதிரிப் பதிவுக்கு, எந்த ஸ்டூடியோவும் வேண்டாம். பழகுகிற இடத்திலேயே பதியுங்கள். ஸ்டூடியோ வாடகைக்குக் கொடுக்கிற வெள்ளியில் மைக் வாங்கினால் அது அடுத்த டெமோவுக்கும் உங்கள் கையில் இருக்கும். நான் பகலில் செம்பனை எண்ணெய் ஆலையில் ஒயர்மேன், மாலையில் டிரம்ஸ் வாசிக்கிறவன். கீழே சொல்வதெல்லாம் அந்த இரண்டு வேலையிலும் கற்றது.

இந்த இசை வளர்ந்ததும் பெரிய நகரத்தைத் தேடிப் போய் அல்ல, சொந்த ஊரில்தான். ஸ்வீடனில் நிஹிலிஸ்ட் என்ற குழுவின் பையன்கள் லண்டனுக்கோ நியூயார்க்குக்கோ போகவில்லை. தங்கள் ஊரான ஸ்டாக்ஹோமில் இருந்த சன்லைட் ஸ்டூடியோவில் டெமோ பதிந்து, கேசட்டாகக் கைமாற்றினார்கள். அவர்களே என்டூம்ப்ட் என்று பெயர் மாற்றி வந்தபோது, 1990இல் முதல் ஆல்பத்தை இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இருந்த இயரேக் என்ற லேபிள், அதாவது இசை வெளியீட்டு நிறுவனம், வெளியிட்டது. நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூரில் ருத்ரா 1992இல் தொடங்கியது. வேதாந்தத்தையும் சமஸ்கிருதச் சுலோகத்தையும் டெத் மெட்டலோடு சேர்த்த அந்தக் குழுவின் முதல் ஆல்பம் 1998இல் வந்தது. எல்லாரும் இருந்த இடத்தில் இருந்துதான் தொடங்கினார்கள்.

இடமும் நேரமும்

தோட்டத்து ஊரில் பழகும் நேரத்தைத் தீர்மானிப்பது உங்கள் குழு அல்ல, பக்கத்து லயத்து வீடுகளில் இருக்கிற தொழிலாளர்கள். பால் வெட்டுகிறவர்களும் குலை அறுக்கிறவர்களும் விடியும் முன்பே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு, போக வேண்டியவர்கள். இரவு எட்டு மணிக்கு மேல் டிரம்ஸ் அடித்தால் அவர்களுடைய தூக்கத்தைத் திருடுகிறோம். ஞாயிறு பகல்தான் சரியான நேரம். பழைய ஸ்டோரோ காலியான வீடோ கேட்பதென்றால் மேனேஜரிடம் நேரில் போய்க் கேளுங்கள், அப்பாவையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. சாவி யாரிடம் இருக்கும், எத்தனை மணிக்கு முடிப்போம் என்பதை நாமாகவே முதலில் சொல்லிவிட வேண்டும்.

முட்டை அட்டை ஒட்டினால் சத்தம் வெளியே போகாது என்பதை நம்பாதீர்கள். அதற்குக் கனம் இல்லை. கனம் உள்ள பொருள்தான் சத்தத்தை நிறுத்தும். கதவு இடுக்குகளை அடைப்பதுதான் முதல் வேலை. அறைக்குள் எதிரொலியைக் குறைக்கப் பழைய மெத்தை போதும். டிரம்ஸுக்கு நேர் மேலே ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள், ஏனென்றால் தகரக் கூரை சிம்பல் சத்தத்தை அப்படியே திருப்பி மைக்கில் கொட்டும். தகரக் கூரைக்கு இன்னொரு குணமும் உண்டு: மதியத்துக்கு மேல் மழை பிடித்தால் பதிவு அவ்வளவுதான். பேராவில் இருக்கிறோம். காலை எட்டுக்குத் தொடங்கி மதியத்துக்குள் டிரம்ஸை முடித்துவிடுங்கள். இடி கேட்டால் எல்லா பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்குங்கள், ஸ்விட்சை அணைப்பது போதாது.

டிரம்ஸ்

டெமோவின் பாதி உழைப்பு இங்கேதான் போக வேண்டும். கிட்டாரைப் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் திரும்ப வாசிக்கலாம். டிரம்ஸ் கெட்டால் அதன் மேல் எதை வைத்தாலும் நிற்காது.

ஸ்னேர் என்கிற கையால் அடிக்கும் சின்ன டிரம்முக்கும், காலால் மிதிக்கும் பேஸ் டிரம்முக்கும் புதுத் தோல் போடுங்கள். பேஸ் டிரம்முக்குள் ஒரு போர்வையை, அடிபடுகிற தோலை லேசாகத் தொடுகிற மாதிரி வையுங்கள். பெடலில் தோலை அடிக்கிற தலையான பீட்டரில் பஞ்சுப் பக்கத்தை விட்டுக் கெட்டியான பக்கத்தைத் திருப்புங்கள். வேகமாக இரண்டு காலும் ஓடும்போது ஒவ்வொரு மிதியும் தனித்தனியாகக் கேட்பது அந்தக் கெட்டி அடியால்தான்.

மைக் நான்கு போதும். பேஸ் டிரம்முக்கு ஒன்று, ஸ்னேருக்கு ஒரு ஷூர் எஸ்எம்57, தலைக்கு மேல் இரண்டு. மேல் மைக் இரண்டும் ஸ்னேரின் நடுவிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு நூலை ஸ்னேரின் நடுவில் பிடித்து இரண்டுக்கும் அளந்து பாருங்கள். தூரம் மாறினால் ஒரே அடி இரண்டு மைக்குக்கும் வேறு வேறு நேரத்தில் போய், இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது ஸ்னேரின் உடல் மெலிந்துவிடும். பதிவு 24 பிட்டில் இருக்கட்டும், அளவு மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி நிற்கட்டும். சிவப்பைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. மென்பொருளுக்கு ரீப்பர் போதும்: 60 நாள் இலவசமாகப் பயன்படுத்திப் பார்க்கலாம், தனியாருக்கான உரிமம் 60 அமெரிக்க டாலர்.

நம் ஊர்ப் பையன்கள் பலருக்குத் தாளம் உறுமி மேளத்திலிருந்து வருகிறது. அது பெரிய சொத்து. கையும் காதும் தயாராக இருக்கும், காலுக்குத்தான் பயிற்சி வேண்டும். ஸ்னேரும் பேஸ் டிரம்மும் இடைவிடாமல் படுவேகமாக ஓடுகிற பிளாஸ்ட் பீட்டில் ஸ்னேர் அடி மெலிந்து சிம்பல் மட்டும் அலறுவதை அடிக்கடி கேட்கிறேன். எந்த வேகத்தில் ஸ்னேர் தெளிவாக விழுகிறதோ அந்த வேகத்தில் பதியுங்கள். நிமிடத்துக்கு 220 தாளம் என்ற வேகத்தை எட்டித் தடுமாறும் டெமோவை விட 180இல் இடிக்கிற டெமோ பத்து மடங்கு மேல். சிம்பலை மெதுவாக, தோலைப் பலமாக: இதைச் சொல்லிச் சொல்லிப் பழக்குங்கள்.

உறுமியையே பாட்டில் சேர்க்கலாமா என்றும் கேட்கிறார்கள். சேர்க்கலாம், ஆனால் அலங்காரத்துக்குச் சேர்க்க வேண்டாம். உறுமியின் அந்த இழுக்கிற அடிக்குரல், பேஸ் டிரம்மும் பேஸ் கிட்டாரும் உட்கார்ந்திருக்கிற அதே இடத்தில் வந்து உட்காரும். மூன்றும் ஒரே நேரத்தில் வந்தால் ஒன்றும் கேட்காது. உறுமி வருகிற இடத்தில் இரண்டு காலையும் நிறுத்தி, பேஸ் கிட்டாரை ஒரே சுரத்தில் பிடித்து நிற்கச் சொல்லுங்கள். டிரம்ஸின் பிளாஸ்டிக் தோலுக்கு ஈரம் ஒன்றும் செய்யாது. உறுமியின் தோல் மழை நாளில் தொய்யும். அதையும் காலையிலேயே பதியுங்கள்.

கிட்டார், குரல்

கிட்டாரை எவ்வளவு கீழே சுருதி இறக்கினாலும் கம்பியை அதற்கேற்பத் தடிமனாக்குங்கள். பி சுரம் வரை இறக்குகிறவர்கள், மெல்லிய கம்பியின் தடிமன் 12க்குக் குறையாத செட் போட வேண்டும், இல்லையென்றால் கம்பி ஆடிச் சுருதி நிற்காது. ஒரே ரிஃபை, அதாவது திரும்பத் திரும்ப வருகிற கிட்டார் வரியை, இரண்டு முறை தனித்தனியாக வாசித்து ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வையுங்கள். ஒரே பதிவை நகல் எடுத்து இரண்டு பக்கம் வைத்தால் அந்த அகலம் வராது. டிஸ்டார்ஷனை மேடையில் வைப்பதை விடக் குறையுங்கள், இரண்டு தடம் சேரும்போது தானாகவே கூடிவிடும். ஸ்டாக்ஹோம் குழுக்களின் கிட்டாரில் கேட்கிற ரம்ப ஓசை பாஸ் எச்எம்-2 பெடலின் நான்கு திருகையும் முழுக்கத் திருப்பினால் வருவது. 1983 முதல் 1991 வரை தயாரித்த அந்தப் பெடலை 2021இல் புதுப்பித்து வெளியிட்டார்கள். பெரிங்கர் எச்எம்300 அதன் மலிவு நகல். ஆனால் எல்லாக் குழுவும் அதையே மிதித்தால் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாது.

குரலுக்கு ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். வலித்தால் நிறுத்துங்கள். உறுமல் வயிற்றிலிருந்து வருகிற காற்றில் நிற்க வேண்டும், தொண்டையை நெரித்து அல்ல. ஒரு நாளில் இரண்டு பாட்டுக்கு மேல் பதியாதீர்கள். தமிழில் பாடுங்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். வல்லினம் இரட்டிக்கிற இடமெல்லாம் உறுமலில் அடி விழுந்த மாதிரி நிற்கும். வரிகளைக் கேசட் அட்டையில் தமிழிலேயே அச்சிடுங்கள், யாரும் கேட்கவில்லை என்றாலும்.

கலவையில் அதிகம் கிண்ட வேண்டாம். பேஸ் டிரம்முக்கு 60 முதல் 80 ஹெர்ட்ஸில் உடலும், 4000ஐச் சுற்றி அடியும் தெரிந்தால் போதும். கிட்டாரில் 80க்குக் கீழே இருப்பதை வெட்டிவிடுங்கள். கடைசியில் சத்தத்தைக் கூட்டுவதற்காக நசுக்காதீர்கள்.

கேசட்டும் லேபிளும்

நான்கைந்து பாட்டு என்றால் சி30 கேசட் போதும், பக்கத்துக்கு 15 நிமிடம். இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே நீளத்தில் வருகிற மாதிரி பாட்டுகளைப் பிரியுங்கள். வீட்டில் நகல் எடுப்பவர்கள் அதிவேக டப்பிங்கைத் தொடாதீர்கள், மேல் சுரங்கள் செத்துப்போகும். சாதாரண வேகத்தில் எடுங்கள். டெக்கில் டேப்பைத் தொடுகிற ஹெட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் அவ்வப்போது துடையுங்கள். நம் ஊர் ஈரத்தில் டேப்பில் பூஞ்சை பிடிக்கும். மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள், அலமாரியில் திறந்து வைக்காதீர்கள்.

அப்புறம் லேபிள். சின்ன லேபிள்கள் பணம் தருவதில்லை. அச்சிட்ட கேசட்டுகளில் ஒரு பங்கைத் தருவார்கள், பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரை. அது நியாயம்தான், ஏனென்றால் அச்சுச் செலவு அவர்களுடையது. எழுதும்போது முடிந்த பதிவை அனுப்புங்கள், "சீக்கிரம் ரெக்கார்ட் பண்ணப் போறோம்" என்று யாருக்கும் எழுதாதீர்கள். அந்த லேபிள் வெளியிட்ட இரண்டு மூன்றையாவது கேட்டுவிட்டு எழுதுங்கள், கடிதத்தில் அது தெரியும்.

ஒப்பந்தம் ஒரு பக்கம் இருந்தால் போதும், ஆனால் எழுத்தில் இருக்க வேண்டும். எந்த வடிவத்துக்கு உரிமை கொடுக்கிறீர்கள்? கேசட்டுக்கு மட்டும் கொடுத்தால் வினைலும் சிடியும் வேறு லேபிளுக்குக் கொடுக்க வழி இருக்கும். எத்தனை வருடம், எத்தனை பிரதி, விற்றுத் தீர்ந்தால் மறுபதிப்பு யார் முடிவு? "எல்லா வடிவமும், எப்போதைக்கும்" என்று எழுதியிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். பாட்டு எழுதியது யார் என்பதைக் குழுவுக்குள்ளேயே முதலில் எழுதி வையுங்கள். மைஐபிஓ என்கிற மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் பதிப்புரிமையைத் தன்னார்வமாக அறிவிக்கும் முறை 2012 முதல் இருக்கிறது. நாளைக்கு யாராவது பிரிந்து போனால் அந்தத் தாள் உங்கள் நட்பைக் காப்பாற்றும்.

கையில் வந்த பிரதிகளை எல்லாம் விற்கப் பார்க்காதீர்கள். மற்றக் குழுக்களோடும் லேபிள்களோடும் பத்துக்குப் பத்து மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் கேசட் பினாங்கிலோ இந்தோனேசியாவிலோ ஒரு மேசையில் கிடப்பது அப்படித்தான். வந்த பத்தை இங்கே விற்றால் உங்கள் காசும் திரும்பும், ஊர்ப் பையன்களுக்கும் புதுக் குழு தெரியவரும்.

ஷோ

அனுமதியில் அலட்சியம் கூடாது. 2005ஆம் ஆண்டின் கடைசி இரவில் கோலாலம்பூரில் ஒரு ஷோவுக்குள் போலீஸ் நுழைந்து நூற்றுக்கணக்கானவர்களைப் பிடித்தது. 2013இல் லேம்ப் ஆஃப் காட் என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் கோலாலம்பூர் நிகழ்ச்சிக்கு அனுமதி கிடைக்கவில்லை. சுங்கை சிப்புட் கோலகங்சார் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. மண்டபம் எடுக்கும் முன் அங்கே கேளிக்கை உரிமம் பற்றிக் கேளுங்கள், போலீஸ் நிலையத்தில் எழுத்தில் தெரிவித்து நகலில் முத்திரை வாங்குங்கள். வெளிநாட்டுக் குழு வந்தால், வெளிநாட்டுக் கலைஞர்களின் நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான புஸ்பாலின் அனுமதி வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் முன்கூட்டியே ஓட வேண்டும். போஸ்டரில் எந்த மதத்தின் சின்னத்தையும் தலைகீழாகப் போடாதீர்கள். இது பயத்தினால் சொல்வது அல்ல; பக்கத்து வீட்டுக்காரரும் நம்மவர்தான். நோன்பு மாதத்தையும் எஸ்பிஎம் தேர்வு நேரத்தையும் கோயில் திருவிழாவையும் தவிர்த்துத் தேதி குறியுங்கள். மண்டபத்துக்குப் பக்கத்தில் கோயில் இருந்தால் தலைவரைப் போய்ப் பாருங்கள். "தம்பி, பூசை நேரத்துல மட்டும் வேணாம்பா" என்பதோடு பெரும்பாலும் முடிந்துவிடும்.

மின்சாரம் என் தொழில், அதனால் கொஞ்சம் நிறுத்தியே சொல்கிறேன். ஆம்ப், மிக்ஸர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் ஒரே சர்க்யூட்டிலிருந்து எடுங்கள். விளக்கும் மின்விசிறியும் வேறு சர்க்யூட்டில் ஓடட்டும். ஆம்ப் ஓர் இடத்திலும் மிக்ஸர் வேறு இடத்திலும் எர்த் ஆனால் சத்தத்தில் ஹம் வரும். அதைவிட மோசம், கிட்டாரைப் பிடித்தபடி பாடுகிறவரின் உதடு மைக்கைத் தொடும்போது ஷாக் அடிக்கும். ஹம்மைப் போக்க எர்த் பின்னை வெட்டுகிற பழக்கம் உயிரை எடுக்கும். கிட்டாரை மிக்ஸரோடு இணைக்கிற டிஐ பெட்டியில், ஹம்மைப் போக்கவே கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் இருக்கிறது. ஷோ நாள் காலையில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற மண்டபத்து ஆர்சிசிபி ஸ்விட்சின் டெஸ்ட் பட்டனை அமுக்கிப் பாருங்கள். ஸ்விட்ச் விழவில்லை என்றால் அன்றைக்கு அங்கே எதையும் செருகாதீர்கள். ஜெனரேட்டரை நீங்களாக மண்டப வயரிங்கோடு இணைக்காதீர்கள், உரிமம் உள்ள ஒயர்மேனைக் கூப்பிடுங்கள்.

டிரம் செட்டும் கேபினட்டும் எல்லாருக்கும் பொது. ஸ்னேர், சிம்பல், பெடல் மட்டும் அவரவர் கொண்டு வரட்டும். டிரம்ஸுக்கு அடியில் கம்பளம் இல்லையென்றால் இரண்டாவது பாட்டிலேயே பேஸ் டிரம் முன்னால் ஓடிவிடும். கடைசியாக ஏறுகிற குழு முதலில் சவுண்ட் செக் செய்யட்டும், முதலில் ஏறுகிற குழு கடைசியில். அப்போது ஷோ தொடங்கும்போது முதல் குழுவுக்காக மேடையில் மாற்ற ஒன்றும் இருக்காது. குழுவுக்கு 25 நிமிடம். இரவு பத்துக்குள் முடித்துவிட்டால் பஸ் இல்லாத தோட்டத்துக்குத் திரும்புகிறவர்களை யாராவது காரில் ஏற்றிவிட நேரம் இருக்கும். வாசலில் காது அடைப்பான் வையுங்கள், விலை சொற்பம்.

வாசல் காசை எண்ணியதும் முதலில் வெளியூர்க் குழுவுக்குப் பெட்ரோலும் டோலும், அப்புறம் மண்டபம், அப்புறம் ஒலிக்காரர். மிஞ்சியதில் உள்ளூர்க் குழுக்கள். வந்தவர்களுக்குச் சோறு போடாமல் அனுப்பாதீர்கள். மிக்ஸரிலிருந்து ஒரு பதிவும், மண்டபத்தின் பின்பக்கத்தில் சின்ன ரெக்கார்டரில் ஒரு பதிவும் எடுத்து இரண்டையும் சேருங்கள்: மிக்ஸரில் குரல் அதிகமாகவும் கிட்டார் குறைவாகவும் இருக்கும், பின்பக்கப் பதிவில் அது நேரெதிர். அந்த வாரத்துக்குள் வாசித்த எல்லாக் குழுவுக்கும் அனுப்பி, வெளியிடச் சம்மதமா என்று கேளுங்கள். சம்மதித்தால் அடுத்த கேசட் தயார்.