குடியை விடப்போய் நாங்கள் விடுகிற பிழைகள்

தவறணைக்குப் பட்டப்பகலில் போவோம், சைக்கிளை வாசலில் சாத்திவிட்டு. குடியை விடுகிறவர்களின் கூட்டத்துக்கு மட்டும் ஒழுங்கை மாறி, சனம் பார்க்காத நேரம் பார்த்துப் போவோம். நானும் அப்படித்தான். முதல் நாள் அந்த மண்டபத்தை மோட்டார் சைக்கிளில் மூன்று தரம் கடந்து போனேன். நாலாம் தரம் உள்ளே போய், ஹெல்மெற்றைக் கழற்றாமலே கடைசிக் கதிரையில் இருந்தேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு ஐயா தேத்தண்ணி தந்தார், அரைக் கோப்பைதான். கஞ்சத்தனம் என்று நினைத்தேன். கை நடுங்குகிறவனுக்கு முழுக் கோப்பை கொடுத்தால் மடியில் ஊற்றுப்படும் என்பது பிறகுதான் விளங்கியது.

'சனம் என்ன சொல்லும்' என்ற அந்தப் பயத்திலிருந்துதான் முக்கால்வாசிப் பிழையும் முளைக்கிறது. அதிலே ஒன்று உயிரையே எடுக்கும். வருடக்கணக்காக நாள் தவறாமல் குடித்தவர், டொக்டரிடம் போனால் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று, "இண்டையோட சரி, நாளைக்குக் கூட்டத்துக்குப் போறன்" என்று சொல்லி அறையைப் பூட்டிக்கொண்டு படுத்துவிடுவார். கடைசிக் குடி முடிந்து 6 முதல் 24 மணித்தியாலத்துக்குள் நடுக்கம், வியர்வை, ஓங்காளம் தொடங்கும், நித்திரை வராது. முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாளில் சிலருக்கு ஆள் இடம் தெரியாமல் போய், சுவரில் இல்லாத பூச்சி ஊரும். காய்ச்சலும் நெஞ்சுப் படபடப்பும் சேரும். வீட்டுக்காரர் பேய் என்று நினைத்துப் பார்வை பார்க்கக் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்த நேரத்தில் செய்ய வேண்டியது 1990க்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுவது. ஆஸ்பத்திரியில் சில நாள் வைத்து, நடுக்கத்தை அடக்கும் மருந்தும் விற்றமின் பி1உம் கொடுப்பார்கள். கூட்டம் அதற்குப் பிறகு வருகிற நீண்ட மாதங்களுக்கு உரியது.

கூட்டம் எங்கே நடக்கிறது என்று பலர் முகநூலில் தேடிக் களைக்கிறார்கள். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவு இருக்கிறது. அங்கே நேரே போய்க் கேளுங்கள். "விசர் ஆஸ்பத்திரிக்கோ?" என்று வீட்டில் முகம் சுளித்தால், 1926 என்ற தொலைபேசி இலக்கத்தில் தேசிய மனநல நிறுவகத்தையோ 1927 என்ற இலக்கத்தில் தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையையோ எடுத்து, தமிழில் கதைக்க ஆள் வேண்டும் என்று சொல்லலாம்.

"நல்லூர்த் திருவிழா 25 நாளும் ஒரு சொட்டுத் தொடமாட்டன், எனக்கென்னத்துக்குக் கூட்டம்?" இது நான் வருடாவருடம் சொன்ன கதை. தவக்காலத்தை வைத்து இதே கதையைச் சொல்கிற வேதக்கார நண்பர்களும் உண்டு. தேத்தண்ணி ஐயா அந்த 25 நாளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "இருபத்தாறாம் நாள் எத்தினை மணிக்குப் போத்தல் திறந்தனீர்?" என்றார். காலமை பத்து மணிக்கு.

மண்டபம் தேவாலய வளவுக்குள் இருந்தால் "வேதத்துக்கு மாத்தப் போறாங்கள்" என்று சைவப் பக்கம் ஒரு சந்தேகம் எழும். இந்தக் கூட்டங்களை நடத்துகிற ஆல்கஹோலிக்ஸ் அனொனிமஸ், சுருக்கமாக ஏஏ, 1935இல் அமெரிக்காவின் ஏக்ரன் நகரில் குடியால் அடிபட்ட ஒரு பங்குத்தரகரும் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியரும் தொடங்கியது. அதன் பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார்தான், ஆனால் 'அவரவர் விளங்கிக்கொண்டபடி' என்ற அடைமொழியோடு. முருகனை வைத்துக்கொள்ளலாம். சேருவதற்கு ஒரே தகுதி, குடியை நிறுத்த விருப்பம். கட்டணமும் கிடையாது, உறுப்பினர் விரும்பிப் போடுகிற காசில்தான் தேத்தண்ணிச் செலவு. முற்பணம் கேட்கிற இடம் என்றால் அது தங்கிச் சிகிச்சை பெறும் நிலையமாக இருக்கும். அங்கே டொக்டர் வருகிறாரா என்று முதலில் கேளுங்கள்.

மனைவிமாருக்கும் தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. அவருக்குத் தெரியாமல் குழம்புக்குள் குடிவெறுப்பு மருந்து கலக்காதீர்கள். அந்த வகை மருந்தான டைசல்ஃபிராம் உள்ளே இருக்கும்போது ஆள் குடித்தால் முகம் சிவந்து, சத்தியெடுத்து, இரத்த அழுத்தம் விழுந்து உயிராபத்துக் கூட வரும். அது டொக்டர் சொல்லி, குடிக்கிறவரும் அறிந்து சம்மதித்து எடுக்க வேண்டிய மருந்து. கூட்டம் முடிந்து வந்தவரிடம் "இண்டைக்கு ஆரார் வந்தவை?" என்று துருவவும் வேண்டாம். அங்கே கேட்டது அங்கேயே நிற்க வேண்டும். குடிக்கிறவர்களின் குடும்பத்தாருக்கு என்று அல்-அனொன் 1951 முதல் தனியாக இருக்கிறது.

ஒரு கூட்டம் மனதுக்கு ஒட்டவில்லை என்றால் இன்னொன்றுக்குப் போய்ப் பாருங்கள். சூமிலும் நடக்கிறது.

மூன்று மாதம் ஒழுங்காக வந்துவிட்டு, ஒரு கலியாண வீட்டில் சறுக்கியவர்தான் திரும்பி வரவே மாட்டார். வெட்கம். நான் ஒரு சனிக்கிழமை பின்னேரம் கள்ளு மணத்தோடுதான் திரும்பிப் போனேன். "இண்டைக்குக் கதைக்க வேண்டாம் தம்பி, இருந்து கேளும்" என்றார்கள். மோட்டார் சைக்கிள் திறப்பை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.