ஃபிளாரன்ஸ் அருங்காட்சியகங்கள்: எதை முதலில் பதிவு செய்வது?

ரயில், ஓட்டல், விசா எதுவும் இந்தப் பதிவில் கிடையாது, அதற்கு வேறு பக்கங்கள் எக்கச்சக்கமாக இருக்கின்றன. இது நுழைவுச்சீட்டு பற்றி மட்டும். ஃபிளாரன்ஸில் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் நடந்தே போகிற தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் முக்கியமான மூன்று இடங்களுக்கு, அதாவது பேராலயத்தின் குவிமாடம், தாவீது சிலை இருக்கிற அக்காதெமியா, உஃபிட்சி ஓவியக்கூடம் மூன்றுக்கும், நேரம் குறித்த சீட்டு வேண்டும், அதைப் பதிவு செய்கிற வரிசை தப்பினால் மொத்தத் திட்டமும் ஆட்டம் கண்டுவிடும்.

முதலில் கிழமையைப் பாருங்கள். உஃபிட்சி, அக்காதெமியா இரண்டுக்கும் திங்கள் விடுமுறை. பேராலயத்தின் உள்ளே ஞாயிறன்று சுற்றுலாப் பயணிகளை விடுவதில்லை. ஆகவே திங்களைக் குவிமாடத்துக்கும் பழைய நகர மாளிகையான பலாட்சோ வெக்கியோவுக்கும் ஒதுக்கிவிடுங்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் அனுமதி இலவசம், ஆனால் அன்று முன்பதிவும் இல்லை, ஊரே வரிசையில் நிற்கும். அந்தக் காசை மிச்சம் பிடிக்க ஒரு பகலைத் தொலைப்பானேன்?

அடுத்து குவிமாடம். இதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் பதிவு செய்ய வேண்டும், ஏனென்றால் சீக்கிரம் தீர்ந்துபோவது இதுதான், எடுத்த பிறகு நேரத்தை மாற்றவும் முடியாது. பேராலயத்துக்கான பாஸ்களில், குவிமாடத்தைக் கட்டிய புருனெலெஸ்கி பெயரில் உள்ளதை எடுங்கள். மணிக்கூண்டை வடிவமைத்த ஜொத்தோ பெயரில் உள்ளது கொஞ்சம் மலிவு, ஆனால் அதில் மணிக்கூண்டு உண்டு, குவிமாடம் கிடையாது. பாஸ் 3 நாள் செல்லும். லிஃப்ட் இல்லை: குவிமாடத்துக்கு 463 படி, மணிக்கூண்டுக்கு 414. இரண்டையும் ஒரே காலையில் ஏற வேண்டாம். ஒன்றுதான் முடியும் என்றால் நான் குவிமாடம் என்பேன். மணிக்கூண்டில் நின்றால் குவிமாடமும் படத்தில் விழும், அது உண்மைதான். ஆனால் 1420 முதல் 1436 வரை, தரையிலிருந்து மரச்சாரம் எழுப்பித் தாங்காமலே புருனெலெஸ்கி இதைக் கட்டிய விதம் ஏறும்போதுதான் பிடிபடும். உள் ஓடு, வெளி ஓடு என்று இரண்டு, நடுவில் உள்ள இடுக்கில்தான் படிக்கட்டே போகிறது.

மூன்றாவது அக்காதெமியா, அதாவது மைக்கலாஞ்சலோவின் தாவீது. 1873இல் மூலச்சிலையை இங்கே கொண்டுவந்துவிட்டார்கள், சிலை முன்பு நின்ற சதுக்கத்தில் 1910 முதல் நகல் நிற்கிறது. நகலைப் பார்த்தால் போதாதா என்று தோன்றும். போதாது. தாவீதை நோக்கி நடக்கிற கூடத்தின் இருபுறமும் பாறைக்குள்ளிருந்து பாதி வெளியே வந்த நிலையில் அவர் விட்டுவிட்ட ‘கைதிகள்’ சிலைகள் இருக்கின்றன, எனக்குத் தாவீதைவிட அவைதான் பிடித்தன. பக்கத்திலேயே சான் மார்கோ மடம்: துறவிகளின் ஒவ்வொரு சிற்றறையிலும் ஒரு சுவரோவியம், ஃப்ரா அஞ்செலிக்கோவும் அவருடைய உதவியாளர்களும் வரைந்தவை. கூட்டம் குறைவு, தவறவிடாதீர்கள்.

கடைசியாக உஃபிட்சி. பதிவு செய்வது சுலபம்தான், தேடலில் மேலே வருகிற மறுவிற்பனைத் தளங்களைத் தாண்டி அருங்காட்சியகத்தின் சொந்தத் தளத்துக்குப் போய்விட்டால் போதும். சிக்கல் வாசலில்தான். மின்னஞ்சலில் வருகிற பதிவு எண் வேறு, சீட்டு வேறு. நான் போனபோது இருந்த முறை இது: 3ஆம் எண் வாசலில் அந்த எண்ணைக் காட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டு, முற்றத்தைக் கடந்து எதிர்ப்பக்கம் 1ஆம் எண் வாசல் வழியாக உள்ளே நுழைய வேண்டும். 2ஆம் எண் வாசல் முன்பதிவு இல்லாதவர்களுக்கு. நீளமான வரிசையைக் கண்டதும் எல்லாரும் போய் நிற்பது பெரும்பாலும் அங்கேதான்! கால் மணி நேரம் முன்பே போய்விடுங்கள்.

உள்ளே போனதும் நேராக மேல்தளம், ஓவியர் போத்திசெல்லியின் அறைகள், அப்புறம்தான் மற்றவை. ஊரை ஆண்ட மெதிச்சி வம்சத்து முதலாம் கோசிமோவின் அலுவலகங்களுக்காக 1560இல் கட்டடக் கலைஞர் வசாரி கட்டத் தொடங்கிய கட்டடம் இது, நீண்ட தாழ்வாரங்களின் காரணம் அதுதான். இத்தனை படங்களும் ஊரை விட்டுப் போகாமல் இருப்பதற்கு மெதிச்சி வம்சத்தின் கடைசி வாரிசான அன்னா மரியா லூயிசாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். குடும்பச் சொத்தான கலைப்பொருள்கள் ஃபிளாரன்ஸை விட்டு வெளியே போகக் கூடாது என்று 1737இல் ஒப்பந்தமே போட்டுவிட்டார்.

பின்சேர்க்கை: படித்தவர்கள் சிலர் கேட்டதால் இரண்டு விஷயம். பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டம் காலியாக இருக்கிற நம்மவர்கள் பதிவுப் படிவத்தில் சிக்கிக்கொள்கிறார்கள், காலியாக விட்டால் படிவம் நகராது. உங்கள் பெயரையே இரண்டு கட்டத்திலும் போட்டுவிட்டு, போகும்போது பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருங்கள். இரண்டாவது, பெரிய பையோடு குவிமாடம் ஏற விடமாட்டார்கள், பேராலயச் சதுக்கத்திலேயே பை வைக்கும் இடம் இருக்கிறது. அதைத் தேடும்போது, முகவரியில் எண்ணுக்குப் பின்னால் ஆங்கில ஆர் எழுத்து இருந்தால் அது கடைகளுக்கான சிவப்பு எண். வீடுகளுக்கு வேறு நிறத்தில் தனி வரிசை ஓடுகிறது, அதனால் ஒரே தெருவில் ஒரே எண் இரண்டு இடத்தில் வரும். சிவப்பை மட்டும் பார்த்துக்கொண்டே போங்கள்.